கடப்பாக் கல்லில் ஒரு கறுப்புக் கட்டம்

கல்யாண வீட்டில் ஒரு மாப்பிள்ளைக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துகொள்ள, அவருக்குக் கொடுத்த வேலையைப் பார்த்தால் போதும். என் மைத்துனி ஷெரினின் கல்யாணத்தில் மண்டபம் என் மச்சான் ஆல்வினின் பொறுப்பு. சர்ச் அலங்காரம் என் மனைவி ரெஜியின் பொறுப்பு. மூத்த மாப்பிள்ளையான எனக்குக் கார் கழுவும் வேலை. (அதுவும் நானாகக் கெஞ்சி வாங்கியது.)

கெஞ்சியதற்குக் காரணம் உண்டு. பெங்களூர் பிரேசர் டவுனில் இருக்கும் என் மாமனார், கல்யாணமான நாளிலிருந்து "நீங்க உக்காருங்க மாப்ள" என்பதைத் தவிர வேறெதையும் என்னிடம் சொன்னதில்லை. முதலில் மரியாதை என்று நினைத்து நானும் உட்கார்ந்தேன். அது பயம் என்று பிறகுதான் புரிந்தது. ஒருமுறை அவர் வீட்டு ட்யூப் லைட்டை மாற்றப் போய், தெருவுக்கே கரண்ட் இல்லாமல் செய்தேன், உண்மைதான். அதற்காக ஆயுள் தண்டனையா? இந்த ஒரு வேலையை ஒழுங்காக முடித்து, அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

மணப்பெண் போக வேண்டியது ஆல்வினின் புதுக் கறுப்புக் காரில். அதற்கு செராமிக் கோட்டிங் போட்டிருந்தான். பெயின்ட்டின் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஓடாமல் அங்கேயே நின்றுவிடும் முத்துகள் என்ன செய்யும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் உச்சி வெயிலில், போர்வெல் தண்ணீரில் வண்டியைக் கழுவி, துடைக்காமல் விட்டுவிட்டு பிரியாணி சாப்பிடப் போனேன். பெங்களூர் போர்வெல் தண்ணீரின் உப்பு எதையும் விட்டுவைக்காது: குழாய், பக்கெட், தலைமுடி. திரும்பி வந்து பார்த்தால் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி.

ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. வழக்கமான ஷாம்பு போட்டேன். அப்போதும் போகவில்லை. அதற்குள் ஆல்வின் வந்துவிட்டான்.

"இன்னா அத்தான் இது? இதுலயா நாளைக்கு ஷெரின் போகும்?"

"சொல்ப பொறு மச்சான். காலைல பாத்துட்டுப் பேசு."

"காலைல பாக்குறதுக்கு வண்டி இருக்கும் இல்ல?"

அந்தக் கேள்வி என்னை உசுப்பிவிட்டது. போனில் தேடியதில் அமில ஷாம்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. உப்புக் கறையைக் கரைக்கும், கோட்டிங்கைத் தொடாது. சிவாஜிநகர் கூட்டத்தில் முட்டி மோதி ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். நிழலில் போட வேண்டும், நிறையத் தண்ணீர் கலக்க வேண்டும், காயும் முன் நன்றாக அலச வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

நிழலுக்குக் குறையில்லை. வீட்டு முன்னால் போர்டிகோ இருந்தது. அதன் தரை கடப்பாக் கல்; வீடு கட்டியபோது மாமனார் தானே நின்று பொறுக்கிப் போட்டது. சனிக்கிழமை தவறாமல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார். மறுநாள் காலை வண்டியை அங்கே ஏற்றி நிறுத்தினேன். தண்ணீர் கலப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. மணப்பெண் போகிற வண்டிக்குக் கலப்பட ஷாம்பா? அப்படியே ஊற்றித் தேய்த்தேன்.

புள்ளிகள் என் கண்ணெதிரே கரைந்தன. ஆனால் எதில் அலசுவது? போர்வெல் தண்ணீர் என்றால் அம்மை திரும்ப வரும். அன்றைக்குப் பார்த்து கார்ப்பரேஷன் குழாயில் காவேரித் தண்ணீர் வரவில்லை. சமையலறை ஓரம், விருந்தாளிகளுக்காகக் குடிதண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன. பெண்களெல்லாம் ஷெரினுக்குப் பூ வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, ஈரத் துணியால் தொட்டுத் தொட்டு வண்டியை மட்டும் அலசினேன். வழிந்த நுரை வண்டியைச் சுற்றித் தரையில் தேங்கி நின்றது. குடிக்கிற தண்ணீரைத் தரையில் கொட்ட மனசு வரவில்லை. அது பாட்டுக்குக் காயட்டும் என்று விட்டுவிட்டேன். (சிக்கனம் எனக்கு அன்றைக்கென்று வந்து தொலைத்தது.)

மாமனார் சூட் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். பானெட்டில் தன் டையைச் சரிசெய்துகொண்டார்.

"பரவால்லயே மாப்ள! ஷோரூம்லருந்து வந்த மாதிரி கீது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (அமில நெடியும் ஒரு காரணம்.) இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. உள்ளேயிருந்து மாமியார், "கேன் எல்லாம் எங்கடி போச்சு? மாப்ள வூட்டுக்காரங்க தண்ணி கேக்குறாங்க!" என்று ரெஜியிடம் கத்தியதுகூட என் காதில் சங்கீதமாக விழுந்தது.

பிறகு ஷெரின் வெள்ளை கவுனில் வாசலுக்கு வந்தாள். போட்டோகிராபர், "கார் கொஞ்சம் முன்னாடி வரட்டும் சார்" என்றார். ஆல்வின் வண்டியை மெல்ல நகர்த்தினான்.

வண்டி நின்ற இடம் மட்டும் பளபளவென்று கறுப்பாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த தரை முழுக்க, ஈரம் காய்ந்து, சாம்பல் பூசியது போல வெளுத்திருந்தது. ஈரமாக இருந்தவரை எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்ததால் நான் கவனிக்கவில்லை. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை என்றும், அமிலம் பட்டால் மேல் பளபளப்பை அரித்துவிடும் என்றும் அப்புறம்தான் படித்தேன். கோட்டிங் போட்ட கார் தாங்கிக்கொண்டது. கோட்டிங் போடாத கல்லும் மாமனாரும் தாங்கவில்லை.

அவர் சூட்டோடு குனிந்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையால் தேய்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மாப்ள, ஷாம்பு காருக்குத்தான போட்டீங்க?"

"ஆமா மாமா."

"அப்ப இது?"

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ஷெரின்தான் சிரித்துவிட்டாள். "வுடுங்கப்பா. எனக்கு வெள்ளைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கு. அத்தான் இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும்."

கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தத் தரை இருக்கிறது. பார்க்கிறவர்கள், டெக்கரேஷன் யார் செய்தது என்று கேட்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டுகிறார்கள்.

பாலிஷ் போட வந்த ஆள், கல்லையே மாற்றச் சொன்னார். மாமனார் மாட்டேன் என்றுவிட்டார். இன்றைக்கும் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் போடுகிறார், நடுவிலிருக்கும் கறுப்புக் கட்டத்துக்கு மட்டும். வருகிறவர்கள் வண்டியைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். ஆல்வின் அடுத்த கார் வாங்கப் போனபோது முதலில் அளந்தது இந்தக் கட்டத்தைத்தான்.

போன மாதம் ஷெரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். எல்லோரும் ஆளுக்கொரு வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில், "மாமா, நான் எதாவது செய்யட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, கறுப்புக் கட்டத்தின் நட்டநடுவில் போட்டார்.

"இங்க உக்காருங்க மாப்ள. இந்த வீட்லயே நீங்க கெடுக்காத எடம் இது ஒண்ணுதான்."

உட்கார்ந்துகொண்டேன். எண்ணெய் போட்டுத் துடைத்த தரை அல்லவா, நாற்காலி லேசாக வழுக்கியது. காலை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.