வேலிப் பொட்டில் இருந்த தூதுவர்

உலகத்தில் ஏதாவது இரண்டு நாடு இன்றைக்குச் சண்டை பிடிக்காமல் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம், சரவணைத் தியாகலிங்கத்தார் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒருநாள் தேத்தண்ணி குடித்திருக்கிறார் என்பதுதான். நான் சொல்லவில்லை. அவருடைய தேர்தல் நோட்டீஸ் சொன்னது.

தூதரகத்தில் பென்சன் எடுத்து அரசியலில் குதிக்கும் பிறவி ஒன்று உண்டு. பார்த்திருப்பீர்கள். கொளுத்தும் வெயிலிலும் கோட்டுப் போட்டிருக்கும். டில்லியில் எங்கள் நாட்டுத் தூதரகத்தில் முப்பது வருசம் இருந்து இவர் படித்தது என்ன? ‘ஓம்’ என்னாமல் ஒப்புக்கொள்வது, ‘ஏலாது’ என்னாமல் மறுப்பது. பிரதேச சபைக்கு வென்ற பிறகும் அதே வித்தைதான். றோட்டுக் குழியைக் காட்டினால் “கரிசனை கொள்கிறோம்” என்பார். லைற் எரியவில்லை என்றால், “இருட்டைப் பற்றிய உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்.” கலியாண வீட்டில் இவரிடம் இன்னும் சோறு வேணுமோ என்று கேட்டவன், பதில் வருமுன் பாயாசத்துக்குப் போய்விட்டான்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சோதனை எங்கே வரும்? ஐ.நா.விலா? வேலியில்.

பார்வதிப்பிள்ளை அக்காவின் வெங்காயம் கிண்டி எடுக்க இன்னும் பத்து நாள். அந்த ஒரு தறைத் தோட்டம்தான் அவவின் வருசப் பிழைப்பு. வேலி புதிதாக அடைக்கப் பழைய ஓலையைப் பிரித்த அன்றே, பக்கத்துக் காணி வல்லிபுரம் அண்ணை குறுக்கே வந்து நின்றார்.

“வேலிக் கதியால் ஒரு அடி என்ரை பக்கம் வந்திட்டுது. எல்லை முடியாமல் ஒரு ஓலையும் வைக்க விடன்!”

பிரித்த இடத்தில், மாடு நுழையக் கணக்காக வேலியில் ஒரு திறப்பு, ஒரு பொட்டு. தியாகலிங்கத்தார் வந்தார். மூன்று சுற்றுப் பேச்சு, மூன்று தட்டு வடை.

“வேலி எங்கை வரும்? அதைச் சொல்லுங்கோ,” என்றார் அக்கா.

“பிள்ளை, எல்லை எண்டது கோடு இல்லை. அது ஒரு புரிந்துணர்வு.”

“மாட்டுக்குப் புரியுமோ, ஐயா?”

அடுத்த நாள் விடியப் போய்ப் பார்த்தால், பொட்டுக்குள் கதிரை போட்டு, குடை பிடித்து, கோட்டோடு அவரே இருக்கிறார். ஓலைதானே வைக்கக் கூடாது? ஆள் இருக்கலாமே! “இடைக்கால ஏற்பாடு,” என்றார். காலமைப் பிட்டு அக்கா வீட்டில் இருந்து, பின்னேரத் தேத்தண்ணி வல்லிபுரம் அண்ணை வீட்டில் இருந்து. ஐந்து நாள். ஒருவரையும் நோகடிக்கத் தெரியாத மனுசன் தன் முதுகையே வேலியாக வைத்திருந்தார். எதிர்க் காணியில் இருந்து நான் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆறாம் நாள், எப்படியோ கட்டவிழ்ந்த ஒரு மாடு நேரே பொட்டுக்கு வந்தது. அவர் எழும்பிக் கும்பிட்டார். “தயவுசெய்து தாங்கள்...” மாடு கோட்டை நக்கிவிட்டு வெங்காயத்தைப் பார்த்தது.

“ஏலாது! போ அங்காலை!”

முப்பது வருசத்து ‘ஏலாது’ முழுக்க ஒரே மூச்சில் வந்தது. மாடு ஓடியது. கிணற்றடியில் நின்ற வல்லிபுரம் அண்ணை, மாட்டைக் காணாமல் சத்தத்தை மட்டும் கேட்டு, தனக்குத்தான் தீர்ப்பு என்று நினைத்து, பின்னேரமே பழைய எல்லையில் தானே ஓலை வைத்துக் கட்டினார். வெங்காயம் தப்பியது.

சிரிக்கிறீர்கள். பொறுங்கள். போன கிழமை உங்களிடம் உதவி கேட்டு வந்தவருக்கு, “பாப்பம்” என்று சொல்லி அனுப்பியது ஆர்?

இவ்வளவோடு எழுதி நிறுத்தியிருப்பேன். ஆனால், அன்றைக்கு மாடு ஓடின கையோடு தியாகலிங்கத்தார் கதிரையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

“தம்பி, மாட்டை அவிட்டு விட்டது நீரோ?”

“அதைப் பல கோணத்திலை பாக்கவேணும், ஐயா.”

“ஓம், பாப்பம்,” என்றார். “முதல்லை கையிலை கிடக்கிற கயித்தைக் கீழை போடும்.”