பனி பெய்யாத தெருவில் ஒரு பனிவண்டி

ஃபுல் டாங்க் அண்ணையைப் போல அயலவர் வயிற்றை எரியவைக்கத் தெரிந்த மனிதர் தென்துருவம் வரை தேடினாலும் கிடைக்கமாட்டார். பனியே பெய்யாத நோபல் பார்க் புறநகரில் என் பக்கத்து வீடு. நான் புல்வெட்டும் மெஷின் வாங்கினால், அடுத்த சனிக்கிழமை அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மெஷின் வாங்குவார். அவருடைய புல்தரை என் கட்டிலைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

காரில் பெட்ரோல் முள் லேசாகச் சரிந்தாலே பெட்ரோல் செட்டுக்கு ஓடி டாங்கை நிரப்பிவிடுவார்; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை இருமவைத்து ஓட்டியவர். வெறும் டாங்கைக் கண்டால் அவருக்கு நெஞ்சு பதறும்.

ஒருநாள் கனடாவிலிருக்கும் அவருடைய தம்பி, ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டியில் பனி பறக்க ஓடுகிற படத்தை அனுப்பினார். அண்ணை சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பினார்.

"சின்னவன் ஓடுறான். நான் என்ன குறைஞ்சவனோ?"

ஜனவரியில் கோடை வருகிற இந்த நாட்டில், தார் உருகுகிற வெயிலில் புத்தம்புது ஸ்னோமொபைல் லொறியில் வந்து இறங்கியது. சக்கரமே இல்லாத வண்டி. பூசைக்கு வந்த ஐயர், சக்கரத்துக்குக் கீழே வைக்கிற தேசிக்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு தடவை சுற்றி வந்து, கடைசியில் முன்னாலிருந்த சறுக்குக்கட்டைகளுக்குக் கீழே வைத்தார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"குளிர்காலம் வரைக்கும் ஓடாமல் நிக்கிறதெண்டால் பெட்ரோல் பழுதாப்போம் அண்ணை. கெடாமலிருக்க மருந்து விடுங்கோ, இல்லாட்டி இறைச்சுப் போடுங்கோ" என்றேன்.

"மருந்து விட அதென்ன நோயாளியே? இருக்கிற எண்ணெயை இறைக்கிறவன் மனிசனே, ஐசே?"

விளிம்பு வரை நிரப்பி, உறை போட்டு மூடினார். நன்றாகப் பழுதாகட்டும் என்று நினைத்தபடி நானும் வந்துவிட்டேன்.

குளிர்காலம் வந்தபோதுதான், சொந்த வண்டியைப் பனி கொட்டுகிற மலையில் நினைத்தபடி ஓட்ட விடமாட்டார்கள் என்பது தெரிந்தது. வண்டி கராஜில் படுத்தது. அடுத்த குளிர்காலம் கனடாத் தம்பி நேரிலேயே வந்து இறங்கினார். முற்றத்திலாவது உறுமிக் காட்டாவிட்டால் அண்ணையின் மானம் போய்விடும்.

திறப்பைத் திருப்பினார். இரண்டு இருமல். பிறகு அதுவுமில்லை.

"காட்சிக்கு வைச்சிருக்கிறியளோ, அண்ணை?" என்று தம்பி சிரித்தார்.

இதற்காகத்தானே ஒன்றரை வருடம் காத்திருந்தேன்? ஆனால் அண்ணை சட்டைத் தொங்கலால் வண்டியின் இருக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, எனக்குத் தம்பிக்காரர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அண்ணையைப் பார்த்துச் சிரிக்க இவர் யார்? அவரைப் பார்த்து வயிறெரிய நாங்கள் ஒரு தெருவே இருக்கிறோம்.

வீட்டுக்கு ஓடி, என் புல்வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த புதுப் பெட்ரோலையும் ஒரு குழாயையும் கொண்டுவந்தேன்.

"அண்ணை, பழசை இறைப்பம்."

டாங்க் மூடியைக் கழற்றி என் கையில் தந்தார்.

"நீரே இறையும், ஐசே. என்னாலை பாக்கேலாது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழசெல்லாம் ஒரு வெறும் கலனுக்குள் போனது. புதுசு ஊற்றி, திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வண்டி ஒருவழியாக உறுமியது. அண்ணை ஏறி உட்கார்ந்ததும் ஈரப்புல்லில் பாய்ந்து, என் வேலிப்பலகை ஒன்றையும் முறித்துவிட்டுத்தான் நின்றது. தம்பியின் முகத்தில் சிரிப்பில்லை.

"இது என்ரையைவிட நல்ல வண்டி" என்றார் மெதுவாக.

அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

போன வருடம் மகளோடு இருக்கவென்று அவர் நகரத்தின் மறுகோடியிலிருக்கும் கிரெய்கிபர்னுக்குப் போய்விட்டார். ஃபுல் டாங்கோடு வண்டியும் போய்விட்டது. அங்கே தெருவே அவரைப் பார்த்து வயிறெரிகிறதாம். அந்தத் தெருக்காரரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.