பாட்டுப் பெட்டியைப் பெரிதாக்குவது குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். ஹாலில் உள்ள சோபா மட்டும் அவ்வளவு நலமில்லை. அதன் காரணத்தைக் கீழே விவரித்திருக்கிறேன். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உங்கள் அத்தை குறுக்கே புகுந்து ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். இது ஒரு வாக்கியத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

நீங்கள் அனுப்பிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வந்து சேர்ந்த அன்று, அட்டைப்பெட்டியில் 'ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. வேலைக்காலம் முழுக்க நெசவு ஆலையில் தறிகளைக் கட்டி மேய்த்த போர்மேனைப் போய் ஆரம்பக்காரன் என்கிறானே என்று ஒரு வருத்தம். நீங்கள் சொன்ன பாட்டைப் போட்டதும் அந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை. பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் இருக்க, பாடுகிற பெண்மணியோ இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு பாடுகிறார். எழுந்து போய் அந்த இடத்தில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், உங்கள் பங்குக்கும் சேர்த்து அத்தை அன்றைக்கே சிரித்துவிட்டாள். பெரிய தந்தி வாத்தியம் ஒன்று அதிர்ந்தபோது அந்த அதிர்வு சோபாவின் கைப்பிடி வழியாக ஏறி என் முழங்கைக்கு வந்து சேர்ந்தது. இத்தனை வயதுக்கு மேல் இப்படி ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குத் தெரியவந்ததே என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு நீங்கள் போனில், பாட்டின் கடைசியில் சின்னதாக ஒரு மணி ஒலிக்குமே, கேட்டீர்களா மாமா என்று விசாரித்தீர்கள். நானும் பெருமையை விட்டுக்கொடுக்காமல், ஆமாம், பிரமாதம் என்று சொல்லிவைத்தேன். மணியாவது ஒன்றாவது. எத்தனை முறை போட்டாலும் பாட்டு அப்படியே ஓய்ந்துதான் போயிற்று. ஆரம்பக்காரர் பெட்டிக்கு மணியை எட்டிப் பிடிக்கச் சக்தி இல்லை, எல்லாவற்றையும் ஒரு படி உயர்த்தியே தீரவேண்டும் என்று முடிவு கட்டினேன். எதையும் வாங்குவதற்கு முன்னால் பெட்டிகளைச் சுவரைவிட்டுத் தள்ளி, காது உயரத்துக்கு வையுங்கள், ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பாருங்கள் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னதை மறக்கவில்லை. மறக்காமலேதான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். அத்தையின் தையல் ஸ்டூல் ஒரு பெட்டிக்குக் கீழே போயிற்று, என் துணிமணி இருந்த டிரங்குப் பெட்டி இன்னொன்றுக்கு. எதிரொலி அடங்கட்டும் என்று படுக்கை மெத்தையைச் சுவரில் சாத்தினேன். சரியான இடத்தைத் தேடிச் சோபாவை இழுத்துக்கொண்டே போனதில் அது சமையலறை வாசலில் போய் அடைத்துக்கொள்ள, சாப்பாட்டை அத்தை அதன் முதுகுக்கு மேலாக நீட்டவேண்டியதாயிற்று. ஒயர்க்கடைக்காரர் தன் பங்குக்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் பருமனில் ஒரு ஒயரைத் தலையில் கட்டினார். அது பெட்டியின் துளைக்குள் நுழையமாட்டேன் என்றது. நான் நுழைத்தே தீருவேன் என்றேன். பெட்டி என் கால் கட்டைவிரலில் இறங்கி வழக்கைத் தீர்த்துவைத்தது. மணி மட்டும் கேட்கவில்லை. சரி, அறைதான் சிறிது என்று படுக்கையறைச் சுவரை இடித்து ஹாலை நீட்டுவதாகத் தீர்மானித்து மேஸ்திரியை வரவழைத்தேன்.

மேஸ்திரி டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தபோது உங்கள் அத்தை அடுப்பை அணைத்துவிட்டுச் சோபாவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"எனக்கு அந்த மணி கேக்குதுங்க," என்றாள்.

நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்கு மணி மட்டுமா கேக்கல? நான் கூப்பிடறதும்தான் கேக்கல. எத்தனையோ வருஷமா சொல்லிப் பாத்துட்டேன். எனக்காகத்தான் வரல, பாட்டுக்காகவாவது ஒரு தடவை டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டு வரலாமே."

மேஸ்திரி நல்ல மனிதர். டேப்பைச் சத்தமில்லாமல் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அல்லது சத்தத்தோடுதான் சுருட்டினாரோ, எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் காலத்தில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று ஊரையே குறை சொல்லிக்கொண்டு திரிந்த நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

காது டாக்டர், தறிச்சத்தம் மேல்சுருதிகளை எல்லாம் எப்போதோ தின்றுவிட்டது என்று சொல்லி, அவரைக்கொட்டை அளவில் ஒரு கருவியைக் காதில் பொருத்தி அனுப்பினார். மாப்பிள்ளை, தெருவில் இறங்கினால் என் செருப்புக்குக் குரல் இருக்கிறது. சட்டைப்பையில் இருந்த காகிதம் என்னோடு பேசுகிறது. சாவிக்கொத்து ஒரு கச்சேரியே நடத்துகிறது. வீட்டுக்கு வந்து, பெட்டிகள் வந்த அன்று போலவே பழைய ஒயரோடு, நீங்கள் முதலில் சொன்னபடியே பெட்டிகளை வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். அந்தப் பெண்மணி ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூச்சு வாங்குகிறார். வாத்தியக்காரர் விரலைத் தந்தியில் நகர்த்துகிறார். கடைசியில் மணி வந்தது. இருட்டில் ஊசிமுனையில் வெளிச்சம் பட்டதுபோல அவ்வளவு சன்னமாக வந்து, மறையவே மனமில்லாமல் மறைந்தது. அதற்குப் பிறகும் பாட்டு நிற்கவில்லை. என்னடா இது என்று பெட்டியை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் நிற்கவில்லை. சமையலறையில் உங்கள் அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டே அதை மெல்ல முனகிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் இவள் இப்படிப் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. சரியான இருக்கை என்று நான் தேடியது எல்லாம் வீண். சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டேன்.

ஆகவே பெரிய ஸ்பீக்கரும் வேண்டாம், புது ஆம்ப்ளிஃபயரும் வேண்டாம். இந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. இருந்த குறை எல்லாம் என் பக்கம்தான். அது தீர்ந்தது.

நீங்கள் இருவரும் ஒருவர் முனகுவது மற்றவருக்குக் கேட்கிற தூரத்தில் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது கவனித்தேன். பாட்டு இல்லாத நேரத்தில் இடது பெட்டியில் வண்டு ரீங்காரம் போல ஒரு இரைச்சல் இருக்கிறது. கோளாறு ஆம்ப்ளிஃபயரில் என்று நினைக்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, அடுத்த படியாக எதை வாங்கலாம் என்று உடனே எழுதவும். அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெட்டி வந்த அன்றிலிருந்தே அது இரைகிறதாம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்தீங்க, எப்படிங்க சொல்றது?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.