மாப்பிள்ளை காருக்கு எங்கள் வீட்டு வெயில்

கோவில்பட்டி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மணிகண்டபிரபு அவர்களுக்கு மாமனார் பாண்டிராஜ் எழுதிக்கொண்டது. செண்பகவல்லி அம்மன் தயவில் நானும் உங்கள் அத்தையும் சுகம். கோயமுத்தூரில் நீங்களும் மாரிசெல்வியும் பேரனும் புதுக் கரண்ட் காரும் சுகம் என்று நம்புகிறேன். போனில் பேசினால், எனக்குக் கோபம் வரும் இடத்தில் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள், "உங்க ஊர் வீட்ல காருக்குச் சார்ஜ் போட வசதியில்லை மாமா, காதுகுத்தை இங்கேயே வச்சுக்கலாம்" என்றீர்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரனுக்குக் கழுகுமலையில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது என்று அவன் பிறக்கும் முன்பே நேர்ந்துகொண்டது. ஒரு பிளக் பாயின்ட் இல்லை என்பதற்காக முருகனுக்குச் சொன்ன வாக்கை மாற்றுவதா? மழை கொட்டுகிற ஊரில் இருந்தாலாவது வாயை மூடிக்கொள்வேன். மண்டையைப் பிளக்கிற வெயிலைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாத மாமனார் என்று பெயர் வாங்க நான் தயாரில்லை. மாடியில் சோலார், முற்றத்தில் கார் சார்ஜர், இரண்டையும் போட்டே தீருவது என்று எலக்ட்ரீசியன் சக்திகுமாரைக் கூப்பிட்டேன்.

அவன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மொதல்ல லோடு கூட்டணும் அண்ணாச்சி. இருக்க லோடு பத்தாது, எட்டாச்சும் வேணும். அதுக்குப் பொறவுதான் மத்ததெல்லாம்" என்று சொல்லிப் போய்விட்டான். கரிசல் மண்ணில் வீடு கட்டியவனிடம் லோடு பத்தாது என்றால் அவன் என்ன நினைப்பான்? கோடையில் வெடிக்கும், மழையில் பொங்கும், மேலே கனம் ஏற்றும் முன் சரள் மண் அடித்து இறுக்க வேண்டும் என்றுதானே? மறுநாளே குட்டியானை வண்டியில் எட்டு லோடு சரள் இறக்கிவிட்டேன். சக்திகுமார் வந்து மண்மேட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "நான் சொன்னது கரண்ட் லோடுலா அண்ணாச்சி! ஆபீஸ்ல எழுதிக் குடுத்துக் கூட்டணும்." நான் அசரவில்லை. "தெரியும்லே, இது வேற சோலிக்கு" என்றேன். என்ன சோலி என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, எழுதிக் கொடுத்து அந்த லோடையும் கூட்டி, மூணு பேஸ் கரண்டும் வாங்கி, பழைய ஒயரை உருவிவிட்டுத் தடித்த ஒயர் இழுத்தாயிற்று. அடுத்து எர்த். குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு, மண் வெடிக்காமல் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னான். நான் குளிக்காத நாளிலும் குழி குளித்தது. நாலாம் நாள் பார்த்தால், புதூர்ப் பக்கமிருந்து கிடை போட வந்த பேச்சித்தாயின் ஆடுகள் உள்ளே புகுந்து உப்பை நக்கிக்கொண்டிருக்கின்றன. விரட்டலாம் என்று கம்பை எடுத்தேன். அந்த அம்மாள் கைகூப்பி, "ஆட்டுக்குன்னு நெனச்சு உப்பு வச்சிருக்கீங்களே அண்ணாச்சி, மகராசனா இருக்கணும்" என்றாள். அப்புறம் எப்படி விரட்டுவது? ஆடுகளுக்கென்றே இன்னொரு மூட்டை உப்பு வாங்கினேன். குழிக்குச் சிமென்ட் மூடியும் போட்டேன்.

பேனல் மாட்டிய வாரம் சக்திகுமார் செல்போனில் கணக்குப் பார்த்து, "கரண்டே வரலையே, சரக்கு மோசமோ?" என்று முழித்தான். மாடியேறினால், பத்துப் பேனலிலும் உங்கள் அத்தை மிளகாய் வத்தல் காயப் போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "என் மொட்டைமாடியைப் பூரா அடைச்சிட்டு என்ன கேள்வி கேக்குதீங்க? வெயிலை ஒங்களுக்கு மட்டும் பட்டா போட்டா குடுத்திருக்கு?" என்கிறாள். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக நான் விட்டுக்கொடுக்கவில்லை. வத்தலை வாரிக் கீழே இறக்கி, மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று நாளாக ரசத்தில் உப்பு இல்லை. இருக்கட்டும். கரண்ட் வருகிறது.

ஆகவே மாப்பிள்ளை, இனி உங்களுக்குச் சொல்லச் சாக்கில்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. காதுகுத்து கழுகுமலையில்தான். வரும்போது காரில்தான் வர வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து இறங்கினால் வாசல் கதவைத் திறக்க மாட்டேன். இது பாண்டிராஜ் வாக்கு.

மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். பேரன் கடுக்கன் போட்டுக் கலகலவென்று வளர வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார் பாண்டிராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சக்திகுமார் வந்தான். முற்றத்தில் கார் நிற்கக் கோடு போட வேண்டுமாம், அகலம் கேட்டான். மாரிசெல்வியிடம் போனில் கேட்டு ஆறடி என்றேன். அவன் நேரே போய், தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற எங்கள் முடுக்குச் சந்தின் வாய்ப்பக்கம் டேப் பிடித்தான். ஐந்தரை அடிதான் இருக்கிறது. நாற்பது வருஷமாக அதில்தான் போய் வருகிறேன், ஒரு நாள்கூட அளந்ததில்லை. டேப்பை வாங்கி நானும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன், அதே ஐந்தரைதான். உங்கள் அத்தை வந்து, "அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுதீங்க? பிள்ளை நுழைவாம்லா" என்றாள். ரயிலிலேயே கூட்டி வாருங்கள் மாப்பிள்ளை. எந்தப் பெட்டி என்று மட்டும் சொல்லுங்கள், ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.