வெளியூர்ப் பூட்டும் உள்ளூர்த் திராட்சையும்

கம்பம்,
12.3.2002

குமுளியில் பழ மண்டி நடத்திவரும் பெருமதிப்புக்குரிய மச்சான் முஜிபுர் ரஹ்மான் அவர்களுக்கு, உங்கள் தங்கை சாபிராவின் வீட்டுக்காரன் ஷேக் மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் நாங்கள் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளைக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

என் இரும்புக் கடை வாசலிலேயே மொக்கைச்சாமி சாக்கை விரித்துச் சீனப் பூட்டு விற்பது உங்களுக்குத் தெரியும். என் ஒரு பூட்டின் விலைக்கு அவன் மூன்று கொடுத்தால் எவன் என் படியேறுவான்? ஆகவே போன மாதம் வியாபாரிகளைக் கூட்டி, மைக்கைப் பிடித்து, "நம்ம நாட்டுப் பொருளையே வாங்குங்க, வெளிய போற ஒவ்வொரு ரூவாயும் நம்ம பிள்ளைக சோறு" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. செக்கு எண்ணெய் ஆட்டும் சங்கரலிங்கம் எழுந்து, "பாய் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா மதுரைக்குப் போற ரூவா மட்டும் திரும்பியா வருது? கம்பத்துச் சரக்கு மட்டுந்தான் வாங்கணும்" என்றார். அதற்கு என்னுடையதைவிடப் பெரிய கைதட்டல். நானும் தட்டினேன் மச்சான், மேடையில் உட்கார்ந்துகொண்டு தட்டாமல் எப்படி? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாளே சங்கரலிங்கம் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டார். கேட்டால், "நம்மூரு எண்ணெய்க்கு ஒரு மரியாத வேணாமா பாய்?" என்கிறார்.

மளிகைக்காரர்கள் பயந்துபோய்த் தூத்துக்குடி உப்பை உள்ளே ஒளித்துவிட்டார்கள். உங்கள் தங்கை உப்பில்லாத குழம்பை என் முன்னால் வைத்து, "கம்பத்துல எங்கனங்க உப்பு வெளையுது? ரெண்டு சொட்டுக் கண்ணீரு விட்டுப் பெசஞ்சு தின்னுங்க" என்றாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கடைக்கு வந்தால் வாடிக்கைக்காரி ராமுத்தாய் ஒரு பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"இது எந்தூருப் பூட்டு பாய்?"

"திண்டுக்கல் ஆத்தா. பூட்டுன்னாலே திண்டுக்கல்தான?"

"அப்ப வெளியூருச் சரக்கு. நீங்கதான மைக்குல சொன்னீக?" என்று வைத்துவிட்டு, நேரே இறங்கி மொக்கைச்சாமியிடம் சீனப் பூட்டு வாங்கினாள். நான் பதறிப்போய், "ஏத்தா, அது சீனாவுல செஞ்சதுத்தா!" என்று கத்தினேன். "செஞ்சது சீனாக்காரன். விக்கிறது நம்ம மொக்கைச்சாமிதான? காசு ஊருக்குள்ளதான சுத்துது?" என்று போய்க்கொண்டே இருந்தாள். என் கடையில் கம்பத்தில் செய்த பொருள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

சரி, சுருளிப்பட்டித் தோட்டம் காப்பாற்றும் என்று நினைத்தேன். இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை, கொடி தாங்காத காய்ப்பு. நீங்கள் கோட்டயம் போயிருந்த சமயம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை கொதித்து நிற்க, எப்படியோ குமுளி வந்து சேர்ந்தேன். உங்கள் வியாபாரிகள் சங்கச் செயலாளர் தோமாச்சன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நிங்ங செஞ்சது நல்ல காரியம் கேட்டோ! ஞங்களும் அதே தீர்மானம் போட்டாச்சு. இனி நாட்டுச் சாதனம் மாத்திரம்" என்றார். சாதனம் என்றால் அவர்கள் பாஷையில் சரக்கு. திராட்சைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். அது அவர்கள் ஊர்த் தேயிலையாம். திரும்பி வரும்போது வழியெல்லாம் சாறு ஒழுகியது.

மறுநாள் தோட்டத்து வேலையாள் ஒச்சாண்டியும் பழம் பறிக்கும் பெண்கள் எட்டுப் பேரும் காலையிலேயே கூடையோடு வந்து நின்றார்கள். "மொதலாளி, பறிக்கவா, வீட்டுக்குப் போகவா?" என்றான். போகச் சொன்னேன். மைக்கில் நான் சொன்ன பிள்ளைகள் இவர்களுடைய பிள்ளைகள்தான் மச்சான். அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை, உப்புக் குறையால் அல்ல.

ஆகவே புத்தி வந்து எழுதுகிறேன். நாம் வாங்கினால்தான் அவன் வாங்குவான். அவனவன் ஊரைச் சுற்றி வேலி போட்டால் பழம் வேலிக்குள்ளேயே அழுகும். இங்கே நாளைக்கே கூட்டம் போட்டுத் தீர்மானத்தைக் கிழிக்கிறேன். அங்கே நீங்கள் தோமாச்சனிடம் பேசி எப்படியாவது தடையை எடுக்க வைக்க வேண்டும். மதனிக்கு எங்கள் சலாம். பிள்ளைகளுக்கு துஆ. உங்கள் மண்டி நிறைய ஆண்டவன் பரக்கத்தைக் கொட்டட்டும், அதில் ஓர் ஓரமாக என் பழமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஷேக் மைதீன்

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் சாபிரா கடைத்தெருவிலிருந்து வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மகாராஷ்டிரா திராட்சை லாரி ஒன்று நிற்கிறதாம். கொட்டை கிடையாதாம், நம் பழத்தைவிட விலையும் குறைவாம். தீர்மானத்துக்குக் கை தட்டியவர்கள்தான் முன்வரிசையாம். அவளும் இரண்டு கிலோ வாங்கி வந்திருக்கிறாள். இனிப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய? அந்த லாரி நாளைக்குக் குமுளி ஏறுகிறதாம். ஆகவே மேலே எழுதிய எதையும் தோமாச்சனிடம் சொல்லிவிட வேண்டாம். தடை இருக்கட்டும், இன்னும் இறுக்கினாலும் நல்லது. ஒரே ஒரு திருத்தம்: உள்ளூர் என்றால் குமுளியைச் சுற்றி முப்பத்தைந்து கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சுருளிப்பட்டி முப்பத்திரண்டில் வருகிறது. ஜீப் மீட்டரில் பார்த்துவிட்டேன்.