சத்தமில்லாத ஸ்கூட்டரும் வாழைக்காய் பஜ்ஜியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் தோசைக்கும் இரண்டாவது தோசைக்கும் நடுவில், பூமியைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

"சந்திரிகா, இனிமே இந்த வீட்ல பெட்ரோல் வண்டி கிடையாது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப்போறேன்."

என் மனைவி தோசைத் திருப்பியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

"பூமிக்குத்தான் சரியில்ல. காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது. நாளைக்கு நம்ம பேரன் பேத்தி மூச்சு விட வேணாமா?"

"நமக்கு இன்னும் மருமகளே வரல."

"வரும்போது காத்து சுத்தமா இருக்கட்டுமே."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நல்ல விஷயம்தான். வாங்குங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

உங்களிடம் மட்டும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசியது பசுமை. உள்ளே இருந்தது பசி.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் டாக்டர், என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "எண்ணெயைத் தொடவே கூடாது" என்று சொல்லியிருந்தார். எண்ணெய் என்னைத் தொடலாமா என்று கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் சந்திரிகா உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வீட்டில் எனக்கும் அவள்தான் டீச்சர். அன்று முதல் எங்கள் வீட்டில் தோசைக்குக்கூட எண்ணெய் கிடையாது. மற்ற எல்லாமே ஆவியில் வெந்தன. என் மனமும்தான்.

நாங்கள் இருப்பது சிட்லபாக்கத்தில், மூன்றாவது மாடி. ஏரிக்கரைப் பக்கம் சவுரிமுத்து என்பவர் சாயங்காலம் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுவார். வாழைக்காயை அவர் சீவும் லாவகமே தனி. காகிதம் போல மெல்லிசாக வந்து விழும். அதை மாவில் முக்கி எண்ணெயில் விட்டதும் எழும் 'சொய்ங்' என்ற ஓசை என் காதில் நாதஸ்வரமாகக் கேட்கும்.

அங்கே போவதில்தான் சிக்கல். என் பழைய ஸ்கூட்டரை உதைத்தால், அந்தச் சத்தத்தில் திருநீர்மலையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரே புரண்டு படுப்பார். ஹாலில் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும் சந்திரிகா ஜன்னலில் தலையை நீட்டி, "எங்க கிளம்பிட்டீங்க?" என்பாள். நடந்து போகலாமே என்பீர்கள். நடந்து போய்த் திரும்புவதற்குள் டியூஷன் முடிந்துவிடும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சத்தமே கிடையாது! இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி நிச்சயம் கல்யாணமானவராக இருக்க வேண்டும்.

வண்டி வந்தது. மாலை போட்டோம். எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அன்று சாயங்காலமே, "குப்பையைப் போட்டுட்டு வரேன்" என்று கீழே இறங்கினேன். பூனை மாதிரி போனேன். பூனை மாதிரி வந்தேன். வாயை மட்டும் கொப்பளித்துக்கொண்டேன்.

எல்லாம் சுகமாகத்தான் போயிருக்கும். ஆனால் சந்திரிகாவுக்கும் பூமியின் மேல் அக்கறை பிறந்துவிட்டது.

"ஏங்க, வண்டியோட நின்னுட்டா போதுமா? வீட்லயும் ஆரம்பிக்க வேணாமா?"

"கண்டிப்பா!" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? வயிற்றில் பஜ்ஜி இருந்தது.

முதலில் கீசர் போனது. மார்கழி மாதம் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். என் வாயிலிருந்து தானாகவே பாசுரம் போல ஏதோ வந்தது. எதிர்வீட்டு வேதசிரோமணி, "காலைல ஜெபம் எல்லாம் பலமா இருக்கே!" என்று பாராட்டினார்.

அடுத்தது ஏசி. இருபத்தாறுக்குக் கீழே இறக்கக் கூடாது என்றாள். ரிமோட்டை அவளே வைத்துக்கொண்டாள். பிறகு லிஃப்ட்.

"மூணு மாடிதானே? எதுக்குங்க வீணா கரண்டு?"

"நீயும் படியிலதானே வருவ?"

"எனக்கு முட்டி வலி. என் பங்கையும் சேர்த்து நீங்க ஏறுங்க."

மறுநாள் மளிகைப் பையோடு மூச்சிரைக்கப் படியேறும்போது வேதசிரோமணி எதிரே வந்தார்.

"என்ன சார், லிஃப்ட் வேலை செய்யலையா?"

"அது செய்யுது சார். நான்தான் அதோட வேலையைச் செய்யறேன்."

வாஷிங் மெஷினில் துணி காயவைக்கும் பட்டனுக்கும் தடை வந்தது. ஈரத் துணி வாளியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் கொடியில் போடுவதும் எடுப்பதும் என் பொறுப்பு. அதற்குப் பிறகு வந்ததுதான் உரத்தொட்டி. மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காத குப்பைக்கு ஒரு வாளி, இரண்டையும் தூக்க ஒரு மக்கு.

"தினம் டியூஷன் முடிஞ்சதும் மாடிக்குப் போய் உரத்தைக் கிளறிடுங்க. அடியிலேருந்து புரட்டணும். அப்படியே செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டு, துணியை மடிச்சு எடுத்துட்டு வந்துடுங்க. அவசரமே வேணாம். நிதானமா செய்யுங்க."

"இவ்வளவும் தினமுமா?"

"பூமியைக் காப்பாத்தறதுன்னா சும்மாவா? வேணாம்னா சொல்லுங்க. வண்டியைக் கொடுத்துட்டு பழைய ஸ்கூட்டரையே வாங்கிக்கலாம்."

"ஐயையோ, வேணாம்! நான் கிளறிடறேன்."

இப்படியாக என் சாயங்காலங்கள் ஓடின. முதலில் ஏரிக்கரையில் பஜ்ஜி. பிறகு மொட்டை மாடியில் அழுகிய முட்டைக்கோஸ். சொர்க்கமும் நரகமும் ஒரே சாயங்காலத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இடுப்பு ஒடிந்தது. பேன்ட் நழுவியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு. கணக்கு டீச்சரையே ஏமாற்றிவிட்டேனே!

கோடை விடுமுறையில் மறுபடியும் டாக்டரிடம் போனோம். கிளினிக்கில் எனக்கு வியர்த்தது. இத்தனை மாதப் பஜ்ஜியும் ரத்தத்தில் வந்து சாட்சி சொல்லுமே!

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பிரமாதம் சார்! கொலஸ்ட்ரால் நல்லா இறங்கியிருக்கு. எடையும் குறைஞ்சிருக்கு. என்ன பண்றீங்க?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "பூமியைக் காப்பாத்தறேன் டாக்டர். படியேறறேன், துணி காயப்போடறேன், உரம் கிளறறேன்."

"எதையும் விட்டுடாதீங்க. இப்ப என்ன செய்யறீங்களோ, அதையே கன்டின்யூ பண்ணுங்க."

எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. எதையும் விட வேண்டாமாம்! டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. எழுந்து கும்பிடப் போனேன். அப்போது சந்திரிகா மெல்லக் கேட்டாள்:

"டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். தினம் சாயங்காலம் சாப்பிடற வாழைக்காய் பஜ்ஜியையும் கன்டின்யூ பண்ணலாமா?"

கும்பிடப் போன கை அப்படியே நின்றது.

"பஜ்ஜியா? யார் சாப்பிடறது?"

"பூமியைக் காப்பாத்தறவர்தான்."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை எழுதப் போவதில்லை. என்னைப் படிக்கிறவர்களில் குழந்தைகளும் இருக்கலாம்.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்தாள். மேம்பாலம் தாண்டியதும் கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏரிக்கரைக்கு விடுங்க. சொல்றேன்."

பாவம் சவுரிமுத்து! ஏழை மனிதர். என்னால் நடுரோட்டில் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாரே! முடிந்தவரை மெதுவாக ஓட்டினேன். ஆனாலும் ஏரிக்கரை வந்துவிட்டது. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சவுரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். என்னை அல்ல.

"வாக்கா! இன்னா, இன்னிக்கு சீக்கிரமா வந்துட்டே? சாரு மாடில குப்பை கிண்டிகினு இருப்பாருன்னு பாத்தா, கூடவே இட்டுகினு வந்துக்கீறே?"

வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்துவிட்டேன்.

"சந்திரிகா... நீயுமா?"

"நீங்க மாடியில இருக்கும்போது வண்டி கீழ சும்மாதானே நிக்குது? நானும் ஓட்டிப் பழகிட்டேன். சத்தமே போடல. நல்ல வண்டிங்க, பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க."

"அப்போ அந்த உரம், செடி, துணி எல்லாம்..."

"நான் இங்க வந்துட்டுத் திரும்ப நேரம் வேணாமா? உங்களுக்கும் சாப்பிட்டது கரைய வேணாமா?"

சவுரிமுத்து கரண்டியைத் துடைத்தபடி, "சாரு இன்னிக்கு எத்தினி துன்னாருன்னு அக்கா டெய்லி கேக்கும் சார். நான் இன்னா, பொய்யா சொல்ல முடியும்?" என்றார்.

"உனக்கு மட்டும் எண்ணெய் ஆகுமா?" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"எனக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலையே!"

மர பெஞ்சில் தனக்குப் பழக்கமான இடம் போல ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். எனக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.

"அண்ணே, எனக்கு ஒரு பிளேட் மிளகாய் பஜ்ஜி. சட்னி தூக்கலா."

"சாருக்கு இன்னாக்கா?"

"அவருக்கு ஒரு டம்ளர் வெந்நீர். பேப்பர் கப்ல குடுத்துடாதீங்க, பூமி தாங்காதும்பாரு."