நாற்பத்தோராம் படத்தில் இருப்பவர்கள்

போர்க்காலத்தில் நாட்டுக்குப் பீரங்கி எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் படக்குறிப்பு என்று அரசு கருதியது. அதற்கென்றே ஒரு பிரிவு, ஒரு மேலதிகாரி, ஒரு குறிப்பெழுத்தர், ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறி. போர்முனையின் இரு பக்கமிருந்தும் வரும் படங்களுக்கு அடியில் ஒரு வரி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது இவர்கள் திருப்பணி.

முன்பொரு முறை ஒரு படத்தில் "இவர் கைதி" என்று சுட்டி எழுதப்போக, அந்த ஆள் ஒரு தளபதியின் மைத்துனராக இருந்துவிட்டார். மூன்று பேருக்கு இடமாற்றம். சூடு கண்ட பூனை மறுபடி அடுப்படிக்குப் போகுமா? அன்றிலிருந்து எல்லாப் படத்துக்கும் ஒரே வரிதான்: "போர்முனையில் காவலர்களும் கைதிகளும்." யார் எவர் என்று சொன்னால்தானே தப்பு வரும்!

நாற்பத்தோராம் படத்தைப் பத்திரிகையில் பார்த்த ஒரு தையற்காரி, அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நேராகப் பிரிவுக்கு வந்தாள்.

"சார், இது என் தம்பி. இந்தச் சட்டைக்கு ஒட்டுப் போட்டதே நான்தான். எதிரிகிட்ட மாட்டியிருக்கான். வெள்ளிக்கிழமை கைதிங்களை மாத்திக்கிறாங்களாமே, அந்தப் பட்டியல்ல இவன் பேர் வரணும்."

மேலதிகாரி படத்தைப் பார்க்கவில்லை. அடியிலிருந்த வரியைப் படித்தார்.

"இவர் கைதின்னு எங்கம்மா போட்டிருக்கு?"

"கையில கயிறு கட்டியிருக்கு, பாருங்க."

"அவர் சொந்தக் கயிறா இருக்கலாம்."

"பக்கத்துல ஒருத்தன் துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கிறான்!"

"அதை ஒப்படைக்கத்தான் நீட்டுறார்னு நான் சொன்னா? படம் ஆயிரம் சொல்லும்மா. நாங்க குறிப்பைத்தான் பார்ப்போம்."

"அப்ப குறிப்பை மாத்தி எழுதுங்க."

குறிப்பெழுத்தர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எழுதிடலாம்மா. பட்டியல்ல பேர் இருந்தா உடனே எழுதிடலாம்."

"பட்டியல்ல சேர்க்க என்ன வேணும்?"

"குறிப்பில இருக்கணும்."

மூன்று நாள் வாசல் பெஞ்சில் பழியாய்க் கிடந்தாள். வியாழக்கிழமை மேலதிகாரிக்கு மனம் இளகியது. கோப்பில் எழுதினார்: "படத்தில் இருப்போர் காவலர் அல்லது கைதி. கைதி என்பதற்கு ஆவணம் இல்லை. ஆகவே காவலர்." கூடவே, தம்பியின் சீரிய காவல் பணியைப் பாராட்டி ஒரு கடிதமும் கொடுத்தார். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பேர் வரவில்லை. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை எந்தக் கோப்பில் சேர்ப்பது?

ஒருவழியாகப் போர் முடிந்தது. சோறு போட்டுக் கட்டுப்படியாகாமல், மிச்சமிருந்தவர்களை எதிரிகளே திறந்துவிட்டார்கள். எலும்பும் தோலுமாகத் தம்பி வந்து சேர்ந்தான். படையிலிருந்து விடுவிக்க, கைதியாக இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடி பிரிவுக்கு வந்தாள்.

மேலதிகாரி கோப்பைப் புரட்டினார். "தம்பி, நீங்க காவலர். பாராட்டே வாங்கியிருக்கீங்க."

நிற்கக்கூடத் தெம்பில்லாத தம்பி, "அப்படியே வெச்சுக்குங்க சார். வீட்டுக்குப் போனாப் போதும்" என்றான்.

"நல்லது. அப்ப நீங்க காவல் காத்த கைதிங்க எங்கே?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"தப்ப விட்டுட்டீங்களா?"

அரை மணியில் ஆட்கள் வந்து அவன் கையில் கயிறு கட்டினார்கள். "இப்பவாவது பாருங்க சார், கயிறு!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். இம்முறை எல்லாரும் பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள். குறிப்பெழுத்தர் பேனாவைத் திறந்து, பிரிவின் வரலாற்றிலேயே தெளிவான வரியை எழுதினார்: "கடமை தவறிய கைதி. இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர்."

மறுநாள் காலை அது பத்திரிகையில் வந்தது. நாமும் அடியிலிருந்த வரியைப் படித்தோம். "இவனுக்கெல்லாம் நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு, விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினோம்.